மா இடிக்கிற தலையிடி: வன்னியில் ஒரு பங்கசு மூளைக்காய்ச்சல்

"வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்தின கிழமை தொடங்கினது டொக்டர்" என்றார் மகள். நாட்காட்டியைப் பார்த்து எண்ணினேன். 24 நாள். ஒரு தலையிடி 24 நாள் விடாமல் நிற்கிறது என்றால், அந்த ஒரு விஷயத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்க இன்னும் நான்கு நாள் எடுத்தேன்.

நோயாளி 46 வயதுத் தாய். ஏ9 வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிய ஒரு குளத்தடிக் கிராமம். அரிசி மா இடித்து வறுத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். மில் மா எங்கும் கிடைத்தாலும் இடித்த மாவுக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கணவர் ஏழு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். 19 வயதில் ஒரு மகள், 15 வயதில் ஒரு மகன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது

எங்களிடம் வருவதற்கு முன் பாமசியில் பனடோல், பிறகு இரண்டு தடவை வெளிநோயாளர் பிரிவு, பிறகு கண்ணாடி மாற்றச் சொல்லி ஒருவர், பிறகு ஊரில் பார்வை பார்த்தல் என்று எல்லாம் முடிந்திருந்தது. கடைசி ஐந்து நாளும் சத்தி. வருவதற்கு முந்தின நாள், பின்னேரத்தில் அடுப்படியில் நின்றபடியே மகளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அன்றுதான் வீட்டில் பயந்தார்கள்.

"எப்படி அம்மா இடிக்குது?" என்று கேட்டேன்.

"தலைக்குள்ள ஆரோ மா இடிக்கிற மாதிரி டொக்டர். படுத்தா இன்னும் கூட இடிக்குது. இருந்தாத்தான் கொஞ்சம் சுகம்."

உலக்கை பிடித்தே காய்த்துப்போன கை அது. இடி என்றால் என்னவென்று எங்களுக்கு அவர் சொல்லித் தர வேண்டும். படுத்தால் கூடுகிற, விடியற்காலையில் எழுப்புகிற தலையிடி மண்டையோட்டுக்குள் அமுக்கம் ஏறியிருப்பதைச் சொல்கிறது. இதை நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம்.

உடல் வெப்பம் 37.9 பாகை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 58. காய்ச்சல் உள்ள ஒருவருக்கு நாடி ஏற வேண்டும், இவருக்கு இறங்கியிருந்தது. இரத்த அமுக்கம் 150க்கு 90. கழுத்தில் லேசான விறைப்பு. இடது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை, அதனால் ஒரு குடம் இரண்டாகத் தெரிந்தது. எடை 38 கிலோ. கடந்த தைப்பொங்கலுக்கு முன் 52 கிலோ இருந்ததாக மகள் சொன்னார். கை கால் பலவீனம் ஒன்றும் இல்லை. கேள்விக்கு மெதுவாக, ஆனால் சரியாகப் பதில் சொன்னார். நடுநடுவே கண் அயர்ந்தார்.

முதல் நான்கு நாள்

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி சி.ரி. ஸ்கான் எடுத்தோம். கட்டி இல்லை, சீழ் இல்லை, வீக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. திரும்பி வந்ததும் முதுகுத்தண்டு நீர் எடுக்க ஆயத்தப்படுத்தினேன். மகள் வந்து கதவடியில் நின்றார்.

"டொக்டர், முதுகில ஊசி போட்டா பிறகு நடக்க ஏலாமப் போகுமெண்டு சொல்லுகினம். அம்மா நடக்காட்டி நாங்கள் என்ன செய்யிறது?"

ஊசி இறங்கும் இடத்துக்கு மேலேயே முண்ணாண் முடிந்துவிடுகிறது, அதன் கீழே தண்ணீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன, ஊசி வந்தால் விலகிக்கொள்ளும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். சம்மதித்தார். 3 மில்லிலீற்றர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். நீர் எந்த அமுக்கத்தில் வந்தது என்று அளக்கவில்லை. வேகமாகச் சொட்டியது என்று மட்டும் நினைவிருக்கிறது.

முடிவு: நிணநீர்க் கலங்கள் என்கிற வெள்ளைக் கலங்கள் 30, புரதம் டெசிலீற்றருக்கு 110 மில்லிகிராம், குளுக்கோசு 34. அதே நேரத்து இரத்தக் குளுக்கோசு 104. மெலிந்த உடம்பு, நாட்பட்ட காய்ச்சல், நிணநீர்க் கலங்கள், குறைந்த சீனி. எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்கும் எந்த வைத்தியருக்கும் முதலில் வருவது சயரோக மூளைக்காய்ச்சல்தான். அந்த நினைப்பில் பிழை இல்லை, சயரோகத்துக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் ஆள் செத்துப்போவார். சயரோகத்தின் நான்கு மருந்தையும், வீக்கத்தைக் குறைக்கிற டெக்சாமெதசோனையும் அன்றே தொடங்கினேன்.

எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஒரு கணம் நினைத்தேன். பொட்டில்லாத நெற்றி, கட்டிலின் கால்மாட்டில் பள்ளிக்கூட உடுப்போடு நிற்கிற மகன். இந்த அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூசினேன். அந்தக் கூச்சத்துக்கு அவர் ஒரு கண்ணின் பார்வையைக் கொடுத்தார்.

நான்காம் நாள் காலை அவருக்கு வாய் துடைத்த தாதி என்னைக் கூப்பிட்டார். "டொக்டர், ஒருக்கா வந்து இந்த வாயைப் பாருங்கோ. பாலேடு மாதிரி கிடக்கெண்டு துடைச்சா, அடியில சிவந்து இரத்தம் கசியுது." பார்த்தேன். அண்ணமும் கன்னத்தின் உட்புறமும் வெள்ளை. பிறகு சட்டையைத் தளர்த்தி நெஞ்சைப் பார்த்தால், வலது பக்க விலா வழியே முதுகு வரை அக்கி ஆறிய வடு. போன வருடம் வந்ததாம். இரண்டுமே நோயெதிர்ப்புச் சக்தி விழுந்ததற்கு அடையாளம். முதல் நாளே இவ்வளவும் அந்த உடம்பில் எழுதிக் கிடந்திருக்கிறது.

மகளை வெளியில் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, திரையை இழுத்து மூடி, கட்டிலோடு குனிந்து கேட்டேன். "அம்மா, இரத்தத்தில எச்.ஐ.வி. இருக்கோ எண்டு பாக்க வேணும். சம்மதமோ?"

நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "அவருக்கும் கடைசியில வாயில இப்பிடித்தான் வெள்ளை பிடிச்சது. பாருங்கோ டொக்டர்."

விரைவுப் பரிசோதனை நேர்மறை. உறுதிப்படுத்த அனுப்பினோம். சில நாள் கழித்து வந்த சி.டி.4, அதாவது எச்.ஐ.வி. அழிக்கிற நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை, 19. ஆரோக்கியமான ஒருவருக்கு அது 500க்கு மேல் இருக்கும்.

அன்று பின்னேரமே ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரிடம் போய், மீதமிருந்த நீரை இந்தியன் மையோடு சேர்த்துப் பார்க்கக் கேட்டேன். அவர் ஒரு துளி மையை விட்டு, மூடி வில்லையை வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து எனக்கு இடம் விட்டார். கறுத்த வெளியில், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி, ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் ஓர் ஒளிவளையம். சில வட்டங்களின் ஓரத்தில் சின்ன மொட்டு. "முதல் நாள் எண்ணின 30இல் எத்தினை இது எண்டு எனக்கே இப்ப தெரியேல்லை டொக்டர்" என்றார். இது அவருடைய குறை மட்டும் அல்ல. எண்ணும் அறையில் வெறுமனே பார்த்தால் இந்த மொட்டுப் பங்கசு நிணநீர்க் கலம் போலவே தெரியும். எதைத் தேட வேண்டும் என்று சொல்லி அனுப்பாதது நான்.

கிரிப்டோகொக்கஸ் நியோஃபோர்மன்ஸ். மண்ணிலும், குறிப்பாகப் புறா எச்சம் கலந்த மண்ணிலும் இருப்பது. நாங்கள் எல்லோரும் அதை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், உடம்பு அடக்கி வைக்கிறது. ஆகவே கோயில் மண்டபத்துப் புறாக்களை யாரும் விரட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் சி.டி.4 100க்குக் கீழே விழும்போதுதான் அது நுரையீரலிலிருந்து மூளைக்கு ஏறுகிறது.

தையல் நாடா

அன்று இரவுக்குள் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. "லைற்றைப் போடுங்கோவன்" என்றார். லைற் எரிந்துகொண்டிருந்தது.

அமுக்கத்தை அளக்கிற கண்ணாடிக் குழாய் எங்கள் விடுதியில் இல்லை. ஆனால் சேலைன் குழாய் இருக்கிறது. இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, ஊசியை இறக்கினேன். ஊசியின் வாயில் கிருமி நீக்கிய சேலைன் குழாயைப் பொருத்தி, நேராக மேலே தூக்கி, சேலைன் மாட்டும் கம்பத்தோடு பிடிக்கச் சொன்னேன். தாதி தன் கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்து வந்தார். குழாயில் படாமல் பக்கத்தில் பிடித்தார். நீர் ஏறத் தொடங்கியது. 20ஐத் தாண்டியது. 30ஐத் தாண்டியது. ஏறுவது மெதுவாகி, 46 சென்ரிமீற்றரில் நின்று, அவருடைய மூச்சோடு சேர்ந்து மேலும் கீழுமாக அசைந்தது. 20க்குள் இருக்க வேண்டியது. 25 என்றாலே நீரை வெளியே எடுக்க வேண்டும்.

குழாயைத் தாழ்த்தி நீரைச் சொட்டவிட்டோம். 25 மில்லிலீற்றர். அவசரப்படக் கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது, யாரும் பேசவில்லை, சொட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்ப அளந்தபோது 17. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அமர்த்தும்போது அவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார்.

"இடி நிண்டிட்டுது டொக்டர்."

மண்டைக்குள்ளும் முதுகுத்தண்டிலுமாக எந்த நேரமும் இருப்பது ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் நீர். ஒரு நாளில் சுரப்பது 500 அளவில். சுரந்தது வடிய வேண்டும். இந்தப் பங்கசு தன்னைச் சுற்றிக் கட்டும் பசையும் பங்கசுகளும் சேர்ந்து வடிகிற வாசல்களை அடைக்கின்றன. குளத்துக்கு வரத்து நிற்கவில்லை, துருசு மட்டும் அடைபட்டுவிட்டது. அப்படி இருக்க ஒருநாள் தண்ணீர் எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. மறுநாள் அளந்தோம், 38. அதற்கு மறுநாள் 41. பதினொரு நாளில் ஒன்பது தடவை எடுத்தோம். மூன்றாம் நாளுக்குப் பிறகு அவரே கேட்கத் தொடங்கிவிட்டார்: "இண்டைக்குத் தண்ணி எடுக்கேல்லையோ?" முதுகில் ஊசி என்றாலே கும்பிடு போடுகிற ஒரு விடுதியில், பக்கத்துக் கட்டில்காரர்கள் அதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள்.

இளம் வைத்தியர்கள் யாராவது இதை வாசித்தால், இந்தப் பகுதியைத்தான் இரண்டாம் தரம் வாசிக்கச் சொல்வேன். மருந்து பங்கசைக் கொல்ல நாள் எடுக்கும். அதுவரை ஆளையும் கண்ணையும் காப்பாற்றுவது நீரை இறக்குவதுதான். அதற்கு ஓர் ஊசியும் ஒரு குழாயும் ஒரு அளவுநாடாவும் போதும்.

மருந்து

டெக்சாமெதசோனை அன்றிரவே நிறுத்தினோம். சயரோகத்தில் உதவுகிற அதே மருந்து இங்கே கெடுதல் செய்கிறது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நடந்த ஆய்வொன்று, அதைக் கொடுத்தவர்களிடம் பாதிப்புக் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2016இல் வெளிவந்தது. அதைப் படித்தவன் நான். படித்திருந்தும் நான்கு நாள் கொடுத்திருக்கிறேன், நோயின் பெயரைப் பிழையாக வைத்ததால். சயரோக மருந்தையும் நிறுத்தினோம். சயரோகத்துக்கான மரபணுப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை, அதோடு சயரோக மருந்தான ரிஃபாம்பிசின், பங்கசு மருந்தான புளூக்கொனசோலின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் சொல்கிற முறை எளிது: பங்கசைக் கொல்கிற அம்போதெரிசினின் கொழுப்புறை வடிவத்தை உடல் எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு தடவை, அதோடு புளூசைற்றோசின் என்ற இன்னொரு பங்கசு மருந்தும் புளூக்கொனசோலும் 14 நாள். ஆபிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், அப்படிக் கொடுத்தவர்களில் பத்துக் கிழமைக்குள் இறந்தவர்கள் 24.8 வீதம். பழைய முறையில் 28.7 வீதம். நல்ல சிகிச்சையிலும் நான்கில் ஒருவர் போய்விடுகிற நோய் இது.

எங்கள் கையில் அன்று இருந்தது சாதாரண அம்போதெரிசின். புளூசைற்றோசின் இல்லை. ஆகவே அம்போதெரிசின் நாளுக்கு 38 மில்லிகிராமும் புளூக்கொனசோல் 1200 மில்லிகிராமும் என்று 14 நாள் கொடுத்தோம். சாதாரண அம்போதெரிசினைச் சேலைனில் கலந்தால் திரிந்து படிந்துவிடும், 5 வீத டெக்ஸ்ரோசில்தான் கலக்க வேண்டும். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் சிறுநீரகத்தைக் காக்க ஒரு லீற்றர் சேலைன், பொட்டாசியம் சேர்த்து, தனியாக ஏற்ற வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க, தாதிமார் வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். முதல் மூன்று நாள் மருந்து ஏறியவுடனே நடுக்கம், இரண்டு போர்வை. ஆறாம் நாள் பொட்டாசியம் 2.6க்கு இறங்கியது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாற்றினின் 62இலிருந்து 148க்கு ஏறியது. ஒருநாள் மருந்தை நிறுத்தி, நீரும் உப்பும் சரிக்கட்டி, மறுபடி தொடங்கினோம்.

மகள் ஒருநாள் கேட்டார். அதற்குள் தாய் தானே அவருக்குச் சொல்லியிருந்தார். "வைரசுக்கு மருந்து இருக்கெண்டு சொல்லுறியள். பிறகேன் அதை இண்டைக்கே குடுக்கேல்லை?" நியாயமான கேள்வி. நோயெதிர்ப்புச் சக்தி சட்டென்று எழும்பினால், மூளையில் இறந்தும் இறவாமலும் கிடக்கிற பங்கசோடு சண்டை பிடிக்கத் தொடங்கும், மண்டைக்குள் அந்தச் சண்டைக்கு இடமில்லை என்று சொன்னேன். உகண்டாவிலும் தென்னாபிரிக்காவிலும் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், எச்.ஐ.வி. மருந்தை ஒன்றிரண்டு கிழமையிலேயே தொடங்கியவர்களில் 26 கிழமைக்குள் 45 வீதமானோர் இறந்தார்கள். ஐந்து கிழமை பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 வீதம். நாங்கள் ஐந்தாம் கிழமை தொடங்கினோம், சிறுநீரகம் தேறிய பிறகு.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்

சி.டி.4 இவ்வளவு இறங்கியவரின் மூளையில் வேறு பலதும் வரும். ரொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியானால் தலையிடியோடு ஒரு பக்கக் கை கால் விழும், வலிப்பு வரும், ஸ்கானில் வளையம் வளையமாகத் தெரியும். அது சந்தேகமானால் கோட்ரைமொக்சசோலைக் கூட நம்பித் தொடங்கலாம், இரண்டு கிழமைக்குள் திருந்த வேண்டும். திருந்தாவிட்டால் லிம்போமா என்கிற புற்றுநோயை நினைக்க வேண்டும். ஜே.சி. வைரசு மூளையின் வெள்ளைப் பகுதியைத் தின்னும்போது காய்ச்சலும் இராது, தலையிடியும் பெரிதாக இராது, பேச்சும் நடையும் பார்வையும் கிழமைக் கணக்கில் தேயும். சயரோகம் இவற்றில் எதைப் போலவும் வேடம் போடும். எங்கள் பக்கத்தில் அதைத் தள்ளிவிடவே முடியாது, ஒரே ஆளில் இரண்டும் இருக்கலாம். ஆனால் ஸ்கான் சுத்தமாக இருந்து, கை கால் சரியாக இருந்து, தலையிடி மட்டும் மண்டையைப் பிளந்தால், கிரிப்டோகொக்கஸ் கண்முன் வர வேண்டும். இப்போது ஒரு சொட்டு இரத்தத்தில், பத்து நிமிடத்தில், பட்டி வைத்து அதன் அன்ரிஜனை, அதாவது பங்கசு விடுகிற அடையாளப் பொருளைக் கண்டுபிடிக்கலாம். நோய்க்குறி வருவதற்குச் சில கிழமை முன்பே அது இரத்தத்தில் தெரிகிறது. சி.டி.4 100க்குக் குறைந்த எல்லோருக்கும் அதைச் செய்து, இருப்பவர்களுக்குத் தலையிடி வரும் முன்பே புளூக்கொனசோல் கொடுத்துவிடலாம்.

ஏன் இவ்வளவு பிந்தியது

இலங்கையில் எச்.ஐ.வி. குறைவு. வயது வந்தோரில் 0.1 வீதத்துக்கும் கீழ். தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. கர்ப்பிணித் தாய்மாரைப் பரிசோதித்ததால் வந்த பேறு அது, பெருமைப்பட வேண்டியது. ஆனால் இந்த அம்மாவின் கடைசிப் பிள்ளை 2009 தை மாதம், இடம்பெயர்ந்து ஓடுகிற வழியில், தரப்பாள் கொட்டிலில் பிறந்தவர். அதன் பிறகு அவர் கர்ப்பிணியாக எந்தக் கிளினிக்குக்கும் போகவில்லை. இரத்ததானம் செய்யவில்லை. கணவர் மெலிந்து, இருமி, வாயில் வெள்ளை பிடித்துச் செத்தபோது "நெஞ்சு வருத்தம்" என்று வீட்டுக்குச் சொல்லப்பட்டது. மனைவியைக் கூப்பிட்டு யாரும் ஒரு குழாய் இரத்தம் எடுக்கவில்லை. பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய ஒரு கைம்பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எங்கள் முறைமையில் ஒரு வாசலே இல்லை. வன்னியில் இப்படிக் குடும்பத்தைத் தனியே தூக்குகிற பெண்கள் எத்தனையோ பேர். அக்கி வந்தபோதோ, வாய் வெளுத்தபோதோ, 14 கிலோ இறங்கியபோதோ யாராவது ஒருவர் கேட்டிருந்தால், அவர் என்னுடைய விடுதிக்கே வந்திருக்கமாட்டார்.

தொற்று எப்படி வந்தது என்று கணவரைப் பற்றி நாங்கள் துருவவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் பரிசோதனை அவசியம் என்று மட்டும் சொன்னோம். முடிவு வரும் வரை அந்த அம்மா சாப்பிடவில்லை. இருவருக்கும் இல்லை.

பிறகு

ஆறாம் கிழமை வீட்டுக்குப் போனார். எச்.ஐ.வி. மருந்து தொடங்கி ஏழாவது கிழமை தலையிடி திரும்பவும் வந்தது, எங்களுக்கு உயிரே போய்விட்டது. அமுக்கம் 28, ஆனால் வளர்ப்புப் பரிசோதனையில் பங்கசு முளைக்கவில்லை. எழும்பிவந்த நோயெதிர்ப்புச் சக்தியின் வேலை. இரண்டு தடவை நீர் எடுத்ததோடு அடங்கியது. புளூக்கொனசோல் எட்டுக் கிழமை 800, பிறகு நாளுக்கு 200. பதினான்காம் மாதம் சி.டி.4 228, வைரசு அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. புளூக்கொனசோலை நிறுத்தினோம்.

வைரசு மருந்தை எடுக்க ஊருக்குக் கிட்டிய கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கே வாசலில் நின்றால் மா வாங்குகிற கடைக்காரரின் கண்ணில் படும். வேறு மாவட்டத்துக் கிளினிக்கொன்றில் பதிந்து கொடுத்தோம். விடிய ஐந்து மணி பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்புகிறார், மூன்று மாதத்துக்கு ஒருக்கா. மருந்து இலவசம், பஸ் காசும் ஒரு நாள் உழைப்பும் அவருடையது. அவருடைய பயத்தை வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடது கண்ணால் முகத்துக்கு நேரே காட்டும் விரல்களை எண்ண முடிகிறது, அவ்வளவுதான். வலது கண் பெரும்பாலும் தேறிவிட்டது, ஆனால் முன்போல் கூர்மை இல்லை. உலக்கை திரும்பவும் அவர் கையில்தான். அரிசியில் கல் பொறுக்குவது மட்டும் இப்போது மகள்.